இன்றைய கார்களில் எவை நாளைய கிளாசிக் ஆகும்?

கிளாசிக் என்றால் வெறும் பழைய கார் இல்லை. உற்பத்தி நின்ற பிறகும் ஆட்கள் தேடி அலைகிற கார். அதில் இருப்பது இனி புதிதாகக் கிடைக்காது என்பதே பெரும்பாலும் காரணம். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் மாதிரி. பேட்டரிக் கடிகாரம்தான் துல்லியம், ஆனாலும் சாவிக் கடிகாரத்துக்கென்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாசு விதிகள் இறுகியபின் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத, வேகமாகச் சுழலும் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் அருகி வருகின்றன. ஹோண்டா எஸ்2000-ஐப் பாருங்கள் (1999–2009). ஆரம்ப மாடல்களின் 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, சிவப்பு பட்டனையும் அழுத்த வேண்டும். இதற்கே மயங்கியவர்கள் உண்டு! லெக்சஸ் எல்எஃப்ஏ மொத்தமே 500 கார்கள்தான் தயாரித்தார்கள், அது இப்போதே எட்டாக்கனி.

அடுத்து? ராலி பந்தயத்தை மனதில் வைத்து உருவான மூன்று சிலிண்டர் டொயோட்டா ஜிஆர் யாரிஸ் என்பேன். அப்புறம், சிலர் சிரிக்கலாம், கார்பன் ஃபைபர் கூடு கொண்ட மின்சார கார் பிஎம்டபிள்யூ ஐ3.

'லிமிடெட் எடிஷன்' என்று எழுதியிருந்தால் மதிப்பு ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். நிறமும் ஸ்டிக்கரும் மட்டும் மாறிய காரை யாரும் தேடி வரமாட்டார்கள்.