நாஸ் பெட்டியை நம்பலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேக் லேப்டாப்பின் டைம் மெஷின் பேக்கப் வைஃபை வழியாக நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) போகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை, நம்பகத்தன்மைக்காகப் புதிய பேக்கப் தொடங்க வேண்டும் என்று சொல்லி, பழையதை அழிக்க அனுமதி கேட்கிறது. ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் டிஸ்க் காரணமாக இருக்காது. நெட்வொர்க்கில் எழுதும்போது டைம் மெஷின் உங்கள் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதில்லை. நாஸில் ஸ்பார்ஸ்பண்டில் என்ற வட்டுப் பிம்பத்தை (தனி டிஸ்க் போலத் திறக்கும் கோப்பு) உருவாக்கி, அதற்குள் தனக்கென ஒரு கோப்பு முறைமையை வைத்துக்கொள்கிறது. அந்தப் பிம்பம் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மூடினாலோ வைஃபை அறுந்தாலோ சில துண்டுகள் புதியதாகவும் சில பழையதாகவும் நின்றுவிடும். அடுத்த சரிபார்ப்பில் இந்த முரண் பிடிபடுகிறது.

அந்தச் செய்தி வந்ததும் சம்மதம் கொடுக்காமல் தள்ளிப்போடுங்கள். உங்கள் நாஸில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதிந்து வைப்பது) வசதி இருந்தால், பேக்கப் ஃபோல்டரை முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புங்கள். பல சமயங்களில் அதுவே போதும். ஸ்னாப்ஷாட் இல்லையென்றால் டைம் மெஷினை நிறுத்திவிட்டு, பிம்பத்தை மேக்கில் திறந்து, டிஸ்க் யூட்டிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்டை ஓடவிடலாம். கேபிளில் இணைத்துச் செய்யுங்கள், நேரம் பிடிக்கும்.

மறுபடி வராமல் இருக்க: முதல் முழு பேக்கப்பைக் கட்டாயம் கேபிளில் எடுங்கள். நாஸின் கோப்புப் பகிர்வு முறையை ஆப்பிளின் பழைய ஏ.எஃப்.பி.யில் இருந்து எஸ்.எம்.பி.க்கு மாற்றுங்கள். டைம் மெஷின் ஃபோல்டருக்கு அளவு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் முழுவதையும் அதுவே நிரப்பிவிடும். இரண்டாவது இலக்காக யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள், டைம் மெஷின் இரண்டுக்கும் மாறி மாறி எழுதும். நெட்வொர்க் பேக்கப் ஒன்றை மட்டும் நம்பி இருப்பது எங்கள் பார்வையில் போதாது.

கேள்வி: இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு-1 நாஸில் ஒரு டிஸ்க்குக்கு எச்சரிக்கை வருகிறது. ஆனால் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன. உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) நான்கு வரிகளைப் பாருங்கள். வரி எண் 5 என்பது டிஸ்க் ஒதுக்கிவைத்து மாற்றிடம் கொடுத்த செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்). 197 என்பது வாசிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198 என்பது பின்னணிச் சோதனையில் வாசிக்க முடியாது என்று தெரிந்தவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. 5இன் மதிப்பு சிறிய எண்ணில் மாதக்கணக்காக அசையாமல் நின்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். 197 வாராவாரம் ஏறினால் காத்திருக்காதீர்கள். 199 மட்டும் ஏறுகிறதென்றால் சிக்கல் டிஸ்க் தட்டில் இல்லை, கேபிளிலோ இணைப்பு முனையிலோதான். டிஸ்கைக் கழற்றித் திரும்பப் பொருத்திவிட்டு அந்த எண் நிற்கிறதா என்று பாருங்கள்.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புகைப்படம், ஆவணம் போன்ற ஈடு செய்ய முடியாதவற்றை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ரீபில்ட் (புது டிஸ்கில் தரவை மறுபடி நிரப்பும் வேலை) தொடங்கியதும் மீதமுள்ள டிஸ்க் தொடக்கம் முதல் கடைசி வரை வாசிக்கப்படும். வருடக்கணக்கில் யாரும் தொடாத பகுதியில் இருக்கும் கோளாறு அப்போதுதான் வெளியே வரும். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய டிஸ்க் என்றால் இன்னும் கவனம் தேவை. மாதம் ஒருமுறை டேட்டா ஸ்க்ரப் (டிஸ்க் முழுவதையும் வாசித்துச் சரிபார்ப்பது) ஓடும்படி அமைத்திருந்தால் இந்தக் கோளாறுகள் முன்பே தெரிந்திருக்கும்.

புது டிஸ்க் வாங்கும்போது சி.எம்.ஆர். (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) வகைதானா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். எஸ்.எம்.ஆர். டிஸ்கில் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். ரீபில்டின்போது எழுதும் வேலை தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் டிஸ்க் திணறி நெடுநேரம் பதில் தராமல் நிற்கும், நாஸ் அதைச் செத்த டிஸ்க் என்று எண்ணி வெளியேற்றிவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூ.டி. (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையின் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பதை அந்த நிறுவனம் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. ரெட் பிளஸ் வரிசை சி.எம்.ஆர்.

கேள்வி: ரெய்டு-1 இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

பதில்: ரெய்டு ஒரு டிஸ்க் சாவதை மட்டும் தாங்கும். நீங்கள் தவறி அழித்தது இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும்.

2021 ஜூனில் டபிள்யூ.டி. மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுவதும் இணையம் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டு, உள்ளிருந்த தரவுகள் துடைக்கப்பட்டன. அவற்றின் கடைசி ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) 2015இல் வந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ்களைப் பூட்டியது. இந்த இரண்டிலும் டிஸ்குகள் நன்றாகத்தான் இருந்தன. எனவே ரவுட்டரில் யூ.பி.என்.பி.யை (சாதனங்கள் தாமாகவே இணையத்துக்கு வழி திறக்கும் வசதி) அணையுங்கள், நாஸுக்கான போர்ட் ஃபார்வர்டிங்கை (இணையத்திலிருந்து வருவதை நாஸுக்கு அனுப்பும் அமைப்பு) நீக்குங்கள், வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். (வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) வழியாக வாருங்கள். ஃபர்ம்வேர் வருவது நின்றுபோன பெட்டிக்கு இணையத்தை முழுவதும் தடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை யூ.எஸ்.பி. டிஸ்கில் நகலெடுத்து, முடிந்ததும் கழற்றி வையுங்கள். இணைத்தே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் பூட்டும்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. நாஸுக்குத் தனி யூ.பி.எஸ். தேவையா?

பதில்: தேவை. மின்சாரம் போகும் கணத்தில் இன்வெர்ட்டர் மாறும் இடைவெளி நாஸை ரீபூட் செய்யக்கூடும். இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். மோடுக்கு மாற்றினால் இடைவெளி குறையும். ஆனாலும் பேட்டரி தீரப்போகிறது என்பதைச் சாதாரண இன்வெர்ட்டரால் நாஸுக்குச் சொல்ல முடியாது. யூ.எஸ்.பி. சிக்னல் கேபிள் உள்ள 600 வி.ஏ. யூ.பி.எஸ். இரண்டு டிஸ்க் பெட்டிக்கு ஏற்றது. வாங்கும் முன் உங்கள் நாஸின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்த பின் நாஸ் அமைப்பில், மின்சாரம் போன ஐந்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும்படி வையுங்கள்.

கேள்வி: ஒற்றை டிஸ்க் பெட்டியில் விளக்கே எரியவில்லை. தரவுகள் போய்விட்டனவா?

பதில்: முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மல்ட்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுவதை வைத்து நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய அடாப்டர் சும்மா இருக்கும்போது 12 காட்டி, டிஸ்க் சுழலத் தொடங்கியதும் சரிந்துவிடும். அதே வோல்ட், அதே துருவம், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியர் உள்ள வேறொன்றைப் பொருத்திப் பாருங்கள்.

அப்படியும் உயிர் வராவிட்டால் டிஸ்கைக் கழற்றி, தனி மின்சாரமுள்ள சாட்டா–யூ.எஸ்.பி. டாக்கில் வையுங்கள். விண்டோஸ் கணினியில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, விண்டோஸுக்கு அது நேரடியாகப் புரியாது. உபுண்டு பென் டிரைவில் கணினியை பூட் செய்து, வாசிப்புக்கு மட்டும் மவுன்ட் செய்து (இணைத்துத் திறந்து) நகலெடுங்கள். மை புக் லைவ் போன்ற சில பெட்டிகள் விதிவிலக்கு: அவற்றின் 64 கே.பி. பிளாக் அளவைச் சாதாரண கணினியின் லினக்ஸ் வழக்கமாக மவுன்ட் செய்யாது, ஃபியூஸ்-எக்ஸ்ட்2 கருவி தேவைப்படும். டிஸ்க் டக் டக்கென்று தட்டினால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு நிலையத்தை நாடுங்கள்.

கேள்வி: 1 டி.பி. நகலெடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. நாஸ் பழுதா?

பதில்: வினாடிக்கு 11 எம்.பி. அளவில் நிற்கிறதென்றால் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ்.ஸில் (வினாடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) ஓடுகிறது. கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலே போதும், கிகாபிட் கிடைக்காது. சிலரது ரவுட்டர் போர்ட்டே 100தான். நல்ல கேட்-5இ கேபிளும் கிகாபிட் போர்ட்டும் இருந்தால், பெரிய கோப்புகளாக இருக்கும்பட்சத்தில் 110 எம்.பி. வரை வரும், அதே வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடியும்.