ராஜினாமா எழுதச் சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுவதா?

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போனதிலிருந்து, ஓ.டி. பார்த்துத்தான் வீட்டுத் தவணை கட்டுகிறேன். தூக்கம் வராமல் இரவில் குடிக்கப் பழகிவிட்டேன். போன வாரம் காலை ஷிஃப்டில் மருந்து வண்டியைத் தள்ளும்போது, வாடை அடிக்கிறது என்று சிஸ்டர் நிறுத்திவிட்டார். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கொடுத்தால் பேர் கெடாது என்கிறார்கள். கொடுத்துவிடவா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உங்களை வண்டியிலிருந்து நிறுத்தியது சரி. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனால் வேலையைவிட்டு எடுப்பது வேறு விஷயம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 14ஆவது பிரிவின்படி, ஒழுங்கீனத்துக்காக நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். அதற்காக உங்களை இரண்டு வாரம் வரை ஒதுக்கி வைக்கலாம். அப்போதும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் இல்லை என்றானால், பிடித்த மீதியையும் கொடுத்தாக வேண்டும்.

நீங்களாக விலகினால் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்பீட்டு உதவி கிடைக்காது. நீக்கினால், 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் நீக்கம்தான் என்று வாதிடலாம். ஆனால் மிரட்டியதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வெள்ளிக்கிழமைக் கெடுவை அவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால், அதை அழிக்காதீர்கள்.

விசாரணை நடத்தவில்லை என்பதாலேயே ஜெயித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தொழில் நீதிமன்றம் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது முதலாளி. வெறும் வாடையை மட்டும் வைத்து நீங்கள் போதையில் இருந்தீர்கள் என்று காட்டுவது அவர்களுக்கு எளிதல்ல. அதற்காக, விளக்கக் கடிதத்தில் ‘முந்தின நாள் குடியைத் தொடவே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பிறகு அது பொய் என்று தெரிந்தால், குடித்ததைவிட அந்த வரிதான் உங்களைக் கவிழ்க்கும். எப்போது, எங்கே குடித்தீர்கள், வேலைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். இத்தனை வருட சர்வீஸில் புகார் வந்ததில்லை என்றால் அதையும் சேருங்கள்.

தாதியர் வாரியம் தனி. மருத்துவமனையை விட்டுப் போனாலும் அங்கே புகார் போகலாம், ஆகவே ராஜினாமா உங்கள் லைசென்ஸைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கணவர் சொக்சோவுக்கு மனு போட்டாரா? அவருக்கும் 60 நாள்தான் கெடு.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கியதற்கான கடிதத்தை விளக்கத்தோடு இணையுங்கள். சிகிச்சை முடியும்வரை மருந்து கொடுக்கும் பணி வேண்டாம் என்று நீங்களே எழுத்தில் கேளுங்கள்.