பாதியில் நிற்கும் வடிகான்

கேள்வி: இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோன எங்கள் வீதி வடிகானைச் சபையிடமுள்ள சிறு தொகையில் எப்படித் தொடரச் சொல்வது? – வாசகர், மனையாவெளி

பதில்: பழைய மதிப்பீட்டில் மறுபடி கேள்விப்பத்திரம் (ரெண்டர்) கோர விடாதீர்கள். அது டொலர் 200 ரூபாயளவில் நின்றபோது போட்ட கணக்கு. 2022 மார்ச்சுக்குப் பின் சில வாரங்களிலேயே டொலர் 360ஐத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் கூடவே ஏறின. அந்த விலைக்கு எந்த ஒப்பந்தகாரர் வருவார்? தொழில்நுட்ப உத்தியோகத்தர் மீதி வேலையை மட்டும் அளந்து புது அளவுப்பட்டியல் (வேலையின் அளவும் விலையும் காட்டும் பட்டியல்) போடட்டும்.

காசு 100 மீற்றருக்குத்தான் காணுமென்றால், நீர் வெளியேறும் முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டவேண்டும். நடுவில் கட்டிய துண்டு ஐப்பசி மழைக்கே தொட்டியாகி நுளம்பு பெருக்கும். 200க்கு 1 சரிவென்றால் 100 மீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் இறக்கம். கொங்கிறீற்று போடமுன் நீர்மட்டக் குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் தெளிவான குழாய்) பிடித்து நீங்களே பாருங்கள். மூடிகள் பிறகு போடலாம், பள்ளிக்கூட வாசலில் மட்டும் உடனே வேண்டும்.