சூடா தேத்தண்ணி குடிச்சா கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சாமே, நெசமா?

தங்கச்சி, நீங்க கேட்ட அந்த மெசேஜ் எங்க லயத்து வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திச்சு, கொழுந்து எடுத்துட்டு வந்து பிளேன்டீ ஊத்துன அம்மா அப்படியே கப்ப கீழ வச்சிட்டாங்க. முழுப் பொய் இல்ல, ஆனா பாதியத்தான் சொல்றாங்க. 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகாமை சொன்னது 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க குடிக்கிற எந்தப் பானமும் உணவுக்குழாய் கேன்சருக்குக் காரணமா இருக்கலாம்னுதான், அதாவது பிரச்சின சூடு, தேயில இல்ல. அதே கூட்டத்துலதான் கோப்பிய முந்தி இருந்த சந்தேகப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, அத யாரும் ஃபோர்வர்ட் பண்ணல பாருங்க!

இன்னொன்னு, இதுலதான் நெறைய பேர் குழம்புறாங்க. அந்த ஆய்வு முகாமை, குரூப் 1 (கேன்சர் வரவைக்கும்னு உறுதியானது), குரூப் 2ஏ (அனேகமா வரவைக்கலாம்)ன்னு பிரிக்கிறது ஆபத்து எவ்ளோ பெருசுன்னு பாத்து இல்ல, ஆதாரம் எவ்ளோ பலமா இருக்குன்னு பாத்து. சொசேஜஸ் மாதிரி பதப்படுத்தின இறைச்சியும் சிகரெட்டும் ரெண்டுமே குரூப் 1தான், அதுக்காக ஒரு சொசேஜஸ் ஒரு சிகரெட்டுக்குச் சமம்னு தலைப்பு போட்டா அது நியூஸ்காரன் விட்ட கத. சூடான பானம் 2ஏ, ஆதாரம் இன்னும் அரைகுறைதான்.

நுவரெலியா உசரத்துல தண்ணியே சுமார் 94 டிகிரிலயே கொதிச்சிரும், அதுக்குன்னு உடனே வாயில ஊத்தலாம்னு இல்ல. ஊத்தி ஆத்தி, உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டு மெதுவா குடிங்க, எங்கம்மாவும் இப்ப அப்படித்தான்.