பொட்டலத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்பது பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொடி, வற்றல், ஊறுகாய் போடும் பெண்களுடையவை. மதுரையில் நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். அதனால் இந்த இதழில் அவர்களுக்கே முதலிடம்.

அக்கா, இட்லிப் பொடி செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ஒரு கிலோவுக்கு மளிகைச் செலவு 260 ரூபாய். கால் கிலோ 90 ரூபாய் என்று விற்பதால் கிலோவுக்கு 360 ரூபாய் வருகிறது. நூறு ரூபாய் லாபம் நிற்க வேண்டுமே! ஆர்டருக்குக் குறைவில்லை. மாதக் கடைசியில் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. எங்கே போகிறது பணம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் இருக்கிறது தங்கச்சி. மில் கூலி, கேஸ், பை, லேபிள் என்று எல்லாவற்றையும் அங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள். கூட்டத்தான் இல்லை. சேர்ந்தே கூட்டுவோம்.

260 ரூபாய் என்பது வறுப்பதற்கு முன் ஒரு கிலோ எடையுள்ள பருப்பு, மிளகாய், எள்ளின் விலை. வறுக்கும்போது ஈரம் போகிறது. மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. சலித்தால் கப்பி நிற்கிறது. கடைசியில் 920 கிராம்தான் தேறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு கிலோ பொடிக்கு மளிகைச் செலவு 283 ரூபாய். மில் கூலி 20, கேஸ் 15. பையும் லேபிளும் சேர்த்து பொட்டலத்துக்கு 8 ரூபாய் வீதம் நான்குக்கு 32. மொத்தம் 350. நீங்கள் விற்பது 360. நூறு ரூபாய் என்று நினைத்த இடத்தில் பத்து ரூபாய்தான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பொட்டலமும், வழியில் கிழிந்து போய் மறுபடி அனுப்பும் பொட்டலமும் அந்தப் பத்தையும் தின்றுவிடுகின்றன.

இதில் உங்கள் கூலி இன்னும் சேரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. நம் வீடுகளில் பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கு விலை போட்டுப் பழக்கமே இல்லை. ஐந்து கிலோ பொடிக்கு, கல் பொறுக்குவதில் தொடங்கி பொட்டலம் ஒட்டுவது வரை ஐந்து மணி நேரம் ஆகிறது என்கிறீர்கள். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால்கூட கிலோவுக்கு 80 ரூபாய். ஆக, உங்கள் பொடியின் உண்மையான அடக்கவிலை 430 ரூபாய். 360 ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் 70 ரூபாயை உங்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கால் கிலோ 140 ரூபாய் என்று வையுங்கள். கிலோவுக்கு 560 வரும். சேதத்துக்கும் வளர்ச்சிக்கும் சேர்த்து 130 ரூபாய் நிற்கும். ஆனால் உங்களிடம் வாங்கி மறுவிற்பனை செய்ய ஒருவர் வந்து 25 சதவீதம் கேட்டால், 140 ரூபாய்ப் பொட்டலத்தில் உங்களுக்குக் கிடைப்பது 105. கிலோவுக்கு 420. மறுபடி நஷ்டம்! மறுவிற்பனைக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விலை 160ஆக இருக்க வேண்டும். அப்போது 25 சதவீதம் போனாலும் கிலோவுக்கு 480 கிடைக்கும். எந்த வழியில் விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு விலை வையுங்கள்.

விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று பயப்படாதீர்கள். சிலர் போவார்கள். போகட்டும். மாதம் நாற்பது கிலோ வறுத்து நானூறு ரூபாய் பார்ப்பதைவிட, இருபது கிலோ வறுத்து இரண்டாயிரத்து அறுநூறு பார்ப்பது மேல்.

கூரியர் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கூரியர்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று படிப்படியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். நான்கு கால் கிலோப் பொட்டலங்களை அட்டைப் பெட்டியில் வைத்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும். மூன்று பொட்டலத்தை ஒரு தொகுப்பாக விற்றால் பெட்டியோடு சேர்ந்தே ஒரு கிலோவுக்குள் அடங்கும். அனுப்பும் செலவைப் பொடியின் விலைக்குள் ஒளிக்காமல் தனியாகச் சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடலூரில் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் செய்கிறேன். இதற்கு உரிமம் ஏதாவது வேண்டுமா? புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் அனுப்பலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும், காசுக்கு விற்கும் உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. உங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். பலர் தவறவிடும் ஒன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. கோதுமை ஒவ்வாதவர்கள் உங்கள் பருப்புப் பொடியை நம்பி வாங்கிவிடக் கூடாது. டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, கோதுமை இருந்தால் லேபிளில் எழுதுங்கள். நிலக்கடலை சேர்த்தால் அதையும் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

அடுத்து ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பெரிய விற்பனைத் தளங்களின் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் இந்த விலக்கு உண்டு. அவர்கள் பான் எண்ணைக் கொடுத்து, ஜி.எஸ்.டி. பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஊறுகாயும் பொட்டலமிட்ட மசாலாப் பொடியும் வரிக்குரியவையே. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர்தான். சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆட்சிப் பகுதி. பெங்களூருக்கு உள்ள விதி அதற்கும் உண்டு. முதலில் சென்னை, கோவை, திருச்சி என்று மாநிலத்துக்குள் நன்றாக வேரூன்றுங்கள். வெளியூர் ஆர்டர்கள் நிலையாக வரத் தொடங்கியதும் பதிவு எடுத்துக்கொள்ளலாம்.

பொடி செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். மில்லிலிருந்து வரும் பொடி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பையில் அடைத்து ஒட்டினால் உள்ளே வேர்த்து, கட்டி தட்டி, ஒரு வாரத்தில் வாடை வந்துவிடும். வெள்ளைத் துணியில் பரப்பி, கையை உள்ளே விட்டுப் பார்த்து, அடிப்பொடியும் ஆறிய பிறகே அடையுங்கள். செய்தித்தாளில் பரப்பாதீர்கள், மை ஒட்டும். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் ஒரு பொட்டலத்தைத் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் பொடி எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்தப் பொட்டலம் காட்டிவிடும். இன்னொருவர் லேபிளைப் பார்த்து ஆறு மாதம் என்று எழுதுவது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

சொந்தமாக இணையதளம் இல்லாமல் தொடங்க முடியாதா? 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

முடியும் தம்பி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதிலேயே படம், விலையோடு பொருள் பட்டியல் போடலாம். முதல் நூறு வாடிக்கையாளர்கள் அதிலேயே வருவார்கள். அந்த 40 ஆயிரத்தைச் சரக்கில் போடுங்கள்.

வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை என்று 2,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். வேலையை முடித்துக் கொடுத்ததும், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 18 ஆயிரம் கட்டாவிட்டால் வழக்கு என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது அக்கா.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

முதலில் இன்றைக்கே அம்மாவிடம் சொல்லும்மா. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுடைய பிழைப்பே உன் பயத்தில்தான் நடக்கிறது. ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. உண்மையான முதலாளி வேலைக்குச் சேர்கிறவரிடம் பணம் வாங்க மாட்டார், கொடுப்பார்.

இந்த ஏமாற்று ஒரே அச்சில்தான் நடக்கும். முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து யாராலும் எட்ட முடியாத பிழை வரம்பு, அதன் பிறகு முத்திரை வைத்த மிரட்டல் கடிதம். பேசிய எண், பணம் அனுப்பிய விவரம், அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணில் புகார் செய். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் போன சூட்டோடு சொன்னால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். உன்னைப் போல் இன்னும் யாராவது இதில் சிக்கியிருந்தால் அவர்களையும் புகார் செய்யச் சொல்.

டெலிகிராமில் வரும் வேலைகளிலும் எச்சரிக்கையாக இரு. வீடியோவுக்கு விருப்பம் தெரிவித்தால் காசு என்பார்கள். முதல் நாள் நூறு, இருநூறு உண்மையாகவே வரும். அந்த நம்பிக்கையில் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், வேறு கணக்குக்கு மாற்றினால் கமிஷன்" என்று கேட்டால் உடனே விலகிவிடு. அது திருட்டுப் பணமாக இருக்கும். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

நான் தைக்கும் குழந்தைச் சட்டைகள் இன்ஸ்டாகிராமில் நன்றாகப் போகின்றன. பணமெல்லாம் கணவர் கணக்குக்குப் போகிறது. அவர் நல்லவர்தான். தனியாகக் கணக்கு தொடங்கினால் தவறாக நினைப்பாரோ?
– ஒரு வாசகி, ஈரோடு

அவர் நல்லவர் என்பதால்தான் எளிதாகக் கேட்கலாம். தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், துணி வாங்க வைத்திருந்தது பால் பாக்கிக்குப் போய்விடும். உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று இருவருக்குமே தெரியாது. இன்னொன்று, நாளை நீங்கள் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அவர்கள் பார்ப்பது உங்கள் பெயரில் உள்ள கணக்கின் வரவு செலவை. எத்தனை ஆண்டு தைத்திருந்தாலும் அது கணவர் பெயரில் இருந்தால் வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் சம்பாதித்ததே இல்லை. இந்த வாரமே உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, யு.பி.ஐ.யை அதனோடு இணையுங்கள்.

கூடவே சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், ஆனால் முழுக்க இலவசம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் வைத்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. கட்டணம் கேட்டாலே அது போலி.

பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொட்டலம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் முதலில் கணக்கைப் பாருங்கள். பணம் வாங்க உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண்ணை (பின்) போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான்.

மாதம் 30 கிலோ மசாலாப் பொடி போகிறது. மில்லுக்கு நடந்து அலுத்துவிட்டது. நகையை அடகு வைத்துச் சொந்தமாக அரவை இயந்திரம் வாங்கலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

30 கிலோவுக்கு இயந்திரம் அதிகம். மில்காரரிடம் பேசி, கூட்டம் இல்லாத நேரத்தில் வாரம் ஒரு முறை மொத்தமாக அரைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன் கோதுமையோ கேழ்வரகோ அரைத்திருந்தால் அந்த மாவு உங்கள் பொடியில் கலக்கும். மிளகாய் அரைத்த கையோடு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள்.

நூறு கிலோவை நெருங்கும்போது இயந்திரம் வாங்குங்கள், ஆனால் நகையைத் தொடாதீர்கள். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் கடன் உண்டு. இயந்திரம் விற்பவரின் விலைப்பட்டியல், உத்யம் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உங்கள் கணக்கின் ஆறு மாத வரவு செலவு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வங்கியில் அடமானம் கேட்டால், முத்ரா கடனுக்கு அது தேவையில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பப் பார்த்தால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.