வேளாண் கேள்வி–பதில்: உப்பேறிய வயலுக்கு ஜிப்சம் போதுமா?

கேள்வி: சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் நிலம் உள்ளது. ஆற்றில் சாயக்கழிவு ஓடிய காலத்தில் உப்பாகிப்போன கிணறு இன்னும் தெளியவில்லை. நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்று பரிசோதனையில் வந்தது. கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: மண்ணைப் பரிசோதிக்காமல் ஒரு மூட்டைகூடப் போட வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவு நீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடன்தான் அவை திறக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு எந்த உத்தரவாலும் வெளியேறிவிடாது.

வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் உவர் நிலத்தின் அடையாளம். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்து, கார அமில நிலை 8.5-க்குக் கீழும், களிமண்ணில் ஒட்டியுள்ள சோடியம் 15 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் அது உவர் நிலம். அங்கே ஜிப்சத்துக்கு வேலையில்லை, அதுவும் ஓர் உப்புதான். சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டிய களர் நிலத்தில்தான் ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தை இடம்பெயர்த்து, கழுவிவிடக்கூடிய நிலைக்குக் கொண்டுவருகிறது. உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் கலக்காமல் போட்டுச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள்: கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் களர்த்தன்மை இருக்கிறது என்று ஐயப்படலாம். சாயக்கழிவு பாய்ந்த நிலங்களில் உவரும் களரும் கலந்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் ஜிப்சம் போடாமல் உப்பை மட்டும் கழுவினால், எஞ்சும் சோடியம் மண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். ஆகவே எத்தனை டன் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், உரக்கடை அல்ல.

எந்த வகை நிலமானாலும் வடிகால் இல்லாமல் சீர்திருத்தம் இல்லை. ஓர் அடி ஆழ மண்ணின் வழியே ஓர் அடி நல்ல நீர் இறங்கி வெளியேறினால், அதிலுள்ள கரையும் உப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விடும். அந்த ஓர் அடி நீர் ஏக்கருக்குச் சுமார் 12 லட்சம் லிட்டர். உங்கள் கிணற்று நீர் அதற்கு ஆகாது: ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினாலே 200 கிலோவுக்கு மேல் உப்பு வயலுக்குள் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு உயர்த்தித் தேக்கி, சில நாள் கழித்து வடித்து, மறுபடியும் தேக்குவதே வழி. வடிந்த நீர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்குமானால் நீங்கள் செய்வது சுத்தம் அல்ல, இடமாற்றம். வடிகாலின் போக்கை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். சின்ன வெங்காயம் உங்கள் கிணற்று நீரைத் தாங்காது. பருத்தி, தென்னை ஓரளவு தாங்கும்.

கேள்வி: உமரிச் செடி உப்பை உறிஞ்சிவிடும் என்கிறார்களே? (வாசகர், கரூர்)

பதில்: உறிஞ்சும்; ஆனால் அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோனால்தான் பயன். அங்கேயே மக்கவிட்டாலோ, ஆடுகளை மேயவிட்டுக் கிடை போட்டாலோ உப்பு அதே நிலத்துக்குத் திரும்பிவிடும். விளையாத மூலைகளுக்கும் வடிகால் ஓரங்களுக்கும் நல்ல செடி. முழு வயலையும் அதை நம்பி விட முடியாது.

கேள்வி: உப்பு நீரைச் சொட்டு நீராகப் பாய்ச்சினால் பாதிப்புக் குறையுமா? (வாசகர், காங்கேயம்)

பதில்: வேரடியில் ஈரம் வற்றாமல் இருப்பதால் பயிருக்குக் குறையும், மண்ணுக்கு அல்ல. ஈரவட்டத்தின் விளிம்பில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கோடைக்குப் பின் முதல் தூறல் விழும்போது அந்த உப்பு வேரை நோக்கி இறங்கும் என்பதால், அன்று சொட்டு நீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பலத்த மழை பெய்து உப்பு வேருக்குக் கீழே போன பிறகு நிறுத்தலாம்.