மினி ஹைட்ரோ வரப்போகிறதா? இப்போதே ஓயாவை அளந்து வையுங்கள்

கேள்வி: கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நான் கித்துல்கலவில் ராஃப்டிங் வழிகாட்டி. லயத்துக்குக் கீழே ஓடும் ஓயாவில்தான் எங்கள் பொடியன்கள் கயாக் பழகுகிறார்கள். போன வாரம் சிலர் வந்து, மினி ஹைட்ரோ என்கிற சிறு நீர்மின் திட்டத்துக்கு என்று அளந்து, கல் நட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: நிறையவே செய்யலாம், அணை எழும்புவதற்கு முன்னால் என்றால்.

உங்களுக்கும் அவர்களுக்கும் வேண்டியது ஒன்றேதான்: சரிவில் பாய்ந்து இறங்கும் தண்ணீர். மினி ஹைட்ரோ பெரும்பாலும் தண்ணீரைத் தேக்கி வைக்காது. மேலே சிறு அணையில் திருப்பி, குழாய் வழியே இறக்கி, கீழே மின்நிலையத்தில் மறுபடி ஆற்றில் விடும். இடையில் உள்ள துண்டுதான் காயும். பொடியன்கள் கயாக் ஓட்டுவதும் மீன் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான்.

முதல் வேலை, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. சிறு திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சுருக்கமான ஆய்வோடு முடித்துவிடுவார்கள். அதற்கு அந்த 30 நாள் கட்டாயமில்லை. அதனால் அறிவித்தல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், ஓயாவை நீங்களே அளந்து வையுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். கம்பெனி கொண்டுவரும் கணக்கை மறுக்க உங்கள் கையிலும் ஒரு கணக்கு வேண்டும். கரை நேராக உள்ள இடத்தில் 20 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். ஒரு தோடம்பழத்தை நடு ஓட்டத்தில் போட்டு நேரம் பாருங்கள். நாலைந்து தடவை போட்டுச் சராசரி எடுங்கள். 25 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.8 மீட்டர். மேல் தண்ணீர்தான் வேகமாக ஓடும், அடியில் கல் தடுக்கும்; ஆகவே 0.8ஆல் பெருக்கினால் 0.64. அகலம் 8 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால், மூன்றையும் பெருக்கினால் ஓடும் தண்ணீர் செக்கனுக்கு சுமார் 2.6 கன மீட்டர். ஒரு பாறையில் பெயின்ட் கோடு போட்டு, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, திகதி தெரிய போட்டோ எடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களை விட்டுவிடாதீர்கள். வெள்ள நாளில் மட்டும் இறங்கவே வேண்டாம்.

தலவாக்கலையில் சென் கிளேயர் அருவியைப் பார்த்திருப்பீர்கள். 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு, அந்த அருவி விழுவதே திறந்துவிடும் அளவில்தான். அந்தத் தண்ணீரும் மக்கள் சத்தம் போட்டதால் கிடைத்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

திட்டத்தை நிறுத்த முடியாமல் போனாலும் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். வறண்ட காலத்திலும் ஆற்றில் விட வேண்டிய தண்ணீர் எவ்வளவு என்று இலக்கத்தில் இருக்கட்டும். அது அணையின் அடியில் கதவு போடாத துவாரம் வழியே போகட்டும். கதவு இருந்தால் இரவில் மூடிவிடலாம். நீர்மட்டம் காட்டும் அளவுகோல் பலகை, உங்கள் பொடியன்கள் கரையில் நின்றே வாசிக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.